அப்பா இல்லாத ஆவணி

நிலாவுக்கு ஆள் போய் வந்த மறுவருடம், என் அப்பா ஆடி மாதத்தைத் தாண்ட மாட்டார் என்று ஒரு ஜோசியர் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது பத்து வயது. பொம்மிடி ஸ்டேஷனுக்கு எதிரே அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார்.

அப்பா அழவில்லை, கோயில் கோயிலாக ஓடவும் இல்லை. வெளியூர் கிளம்புகிறவர் வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டுப் போவதுபோல வேலையில் இறங்கினார். ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றினார். அம்மாவுக்குப் பஞ்சர் ஒட்டவும் கையெழுத்துப் போடவும் சொல்லிக்கொடுத்தார். தனக்கென்று ஒரு செருப்புகூட வாங்கவில்லை; வார் அறுந்ததைக் கம்பியால் கட்டிக்கொண்டு நடந்தார்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். "நிலாவுக்கே போயிட்டு வந்துட்டாங்க மச்சான், நீங்க இன்னும் கட்டத்தப் பாத்துகிட்டு இருக்கறீங்க" என்பார். இன்னும் பத்தே வருடத்தில் வீட்டுக்கு வீடு கார் நிற்கும், நோய் என்ற பேச்சே இருக்காது என்பார். இப்போது யோசித்தால், அவரும் ஜோசியரைப் போலத்தான் பேசியிருக்கிறார். துளி சந்தேகம் கிடையாது. இரண்டு பேர் சொன்னதிலும் நாங்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அம்மா யாரிடமும் வாதாடவில்லை. "நாளைக்கு வர்றத நாளைக்குப் பாத்துக்கலாங்க" என்று சொல்லிவிட்டு, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடுவாள். ஜோசியத்தை நம்பாதவள்தான். ஆனால் ஆடி கடைசி நாளன்று அப்பாவைக் கிணற்றடிக்குக்கூடத் தனியே விடவில்லை. மூன்று வேளையும் சாப்பிடவில்லை; கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள்.

ஆவணி பிறந்தது. அப்பா எழுந்து பல் துலக்கினார். மாமா தானே காப்பாற்றியதுபோல வந்து எங்களுக்கெல்லாம் பன் வாங்கிக்கொடுத்தார். அம்மா கடை திறக்கப் போனாள்.

அப்பா மட்டும் போகவில்லை. ஒரு வாரம் வீட்டிலேயே இருந்தார், யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரி. பிழைத்துக்கொண்ட மனிதர் எதற்காக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆவணிக்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அந்த ஏற்பாட்டில் அவர் ஒருவருக்குத்தான் இடமில்லை.

எட்டாம் நாள் காலையில் அம்மா அவர் முன்னால் களியும் கீரையும் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"அடுத்த வருசம் இவள ஆறாவதுல சேக்கோணும். தருமபுரிக்கு நீங்கதான் கூட்டிகிட்டுப் போவோணும்."

அப்பா தட்டில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். பிறகு, "நானா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். பின்னே வேறு யார் கூட்டிப்போவார்கள், இதுகூடத் தெரியாதா இவருக்கு என்று நினைத்தேன்.