அவர் 'நோக்காம்' என்றார், நான் 'பட்டயம்' என்றேன்

மேடையில் ஒருவர் பேசியதை அடுத்த மொழியில் சொல்கிறவனுக்கு மாலை கிடையாது. கேள்வி மட்டும் உண்டு. தலைவர்களுக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைக் கெடுத்துக்கொண்ட தோழர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எட்டாவது வரைதான் நான் பள்ளிக்கூடம் போனேன். மீதிப் படிப்பு துண்டுப் பிரசுரங்களில். மூன்று தடியடி பார்த்தவன். எழுபதாம் வருஷத் தேர்தலில், பாலக்காட்டுத் தமிழ்த் தெருக்களில் எங்கள் வேட்பாளரின் மலையாளப் பேச்சைத் தமிழில் சொல்லக் கட்சி என்னை அனுப்பியபோது பெருமையாகத்தான் இருந்தது.

சந்தைக் காலனி

வேட்பாளர் வெளியூர் வக்கீல். சந்தைக்குப் பின்னால் புறம்போக்கில் குடியிருந்தவர்கள் பட்டயம், அதாவது நிலத்துக்குப் பட்டா, கேட்டார்கள். "நோக்காம்" என்றார். பார்க்கலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பிரசுரம் படித்து வளர்ந்த என் வாய் அதோடு நிற்குமா? "ஜெயித்த ஆறே மாதத்தில் பட்டயம்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இறங்கும்போது அவர் என் தோளைத் தட்டி, எல்லா இடத்திலும் இப்படியே சொல்லச் சொன்னார். "நன்னாயி சகாவே. எல்லா இடத்தும் இங்ஙனே பறயணும்."

ஆறு மாதம்

ஜெயித்தார். ஆறு மாதம் போனது, வருஷங்களும் போயின. அவசரநிலை வந்து சட்டசபையின் ஆயுளையும் நீட்டிவிட்டது. காலனிக்காரர்கள் மனுவோடு என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். சந்தையில் மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருநாள் சிரிக்காமல் கேட்டார்: "ஏன் தோழரே, சட்டசபை அவருக்கு, வாசல்ல கூட்டம் உங்களுக்கா?"

வீட்டுக்குள் கேட்ட பேச்சு

சாலையை அகலப்படுத்தக் காலனியைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. காய்கறி விற்று இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்த மயிலாத்தாளின் நோட்டீஸை வாங்கிக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். உள்ளே அவர் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். தமிழில். ஒரு சொல்கூடத் தடுமாறாமல்.

மேடைக்கு மேடை நான் கொடுத்த ஒவ்வொரு வாக்கும் அவருக்குப் புரிந்திருக்கிறது. என்னைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை. "அம்மாவுக்கு ஊரு கொல்லங்கோடுங்க, வீட்டுல தமிழுதானுங்க. நான் நோக்காம்னுதானுங்களே சொன்னேன்? பட்டயம்னது நீங்கதானுங்க."

மறுபடியும் சந்தைக் காலனி

எழுபத்தேழில் கட்சி அவரையே நிறுத்தியது, என்னையே அனுப்பியது. வீடுகள் இன்னும் நின்றன, நோட்டீஸும் நின்றது. "நோக்காம்" என்றார். நான் மைக்கை வாங்கினேன். "பார்க்கலாம் என்கிறார். போன தடவையும் இதையேதான் சொன்னார். பட்டயம் என்று பொய் சொன்னவன் நான்."

கல் விழும் என்று நின்றேன். விழவில்லை. மயிலாத்தாள் மட்டும் எழுந்தாள். "அவரு சொன்னது அன்னிக்கே எங்களுக்கு வெளங்குச்சுங்க. தெனமும் மலையாளத்துல காய் விக்கறவளுக்கு நோக்காம் தெரியாதுங்களா? சொன்னது நீங்கங்கறதாலதான் ஓட்டுப் போட்டோம். நாளைக்கு இடிக்க வர்றவங்க முன்னாலயும் நீங்களே வந்து நின்னு பேசோணும்."

அவர் மறுபடியும் ஜெயித்தார், நான் போய் நின்றும் அவள் வீடு இடிந்தது. இரண்டு மொழியும் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கூட்டத்தில் ஒன்றும் தெரியாமல் மைக் பிடித்திருந்தவன் நான் ஒருவன்தான்.