தீட்டுக்கல்

எங்கள் பட்டறையில் எது கூராக இருந்தாலும் அது என் கையால் கூரானது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட மரப்பட்டறை எங்களுடையது. வீடும் அதோடு ஒட்டியதுதான். கதவு, ஜன்னல், நிலை எல்லாம் என் வீட்டுக்காரர் செய்வார். மெஷின்களும் இருக்கின்றன. ஆனால் கீல் உட்காரும் பள்ளத்தின் மூலையை மெஷின் வட்டமாகத்தான் விட்டுவைக்கும். அங்கே உளிதான் வேண்டும். அவருக்கு உளி பிடிக்கத் தெரியும், தீட்டத் தெரியாது. கல்லில் வைத்து நாலு தேய் தேய்ப்பார், முனை உருண்டு கரண்டியாகிவிடும். கல்யாணமான புதிதில் அதைப் பார்க்கச் சகிக்காமல் கல்லைப் பிடுங்கியவள்தான். இன்னும் விடவில்லை.

உளி வாங்கப் போவதும் நானே. கடை உளி பளபளவென்று இருக்கும், வேங்கைக் கட்டையில் தட்டினால் முனை பொக்கை விழும். அதனால் திருமங்கலத்தில் ஒரு கொல்லரிடம் போய் நிற்பேன். லாரியின் பழைய வில்பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்துத் தருவார்.

"அண்ணே, முனை ரொம்ப விறைப்பா வேணாம், பொட்டுன்னு உடைஞ்சு போகுது."

"தெரியும் தாயி. கல்லுல வச்சுப் பாத்துட்டு வந்து திட்டு."

வீட்டுக்கு வந்து புளியங்கட்டையைச் செதுக்கிக் கைப்பிடி போடுவேன். அடி வாங்குகிற பக்கம் பிளக்காமலிருக்க இரும்புப் பூண் இறக்குவேன். அப்புறம்தான் தீட்டுக்கல். எண்ணெய் விட்டு, சாய்வு மாறாமல், மணிக்கட்டை ஆடவிடாமல் தள்ள வேண்டும். மறுபக்கம் எழும்பும் பிசிறையும் எடுத்துவிட்டு முன்கை முடியில் வைத்துப் பார்த்தால் வழித்துக்கொண்டு போக வேண்டும். என் இடது முன்கையில் முடியே கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் ஏதோ சீக்கு என்று நகர்ந்து உட்காருவார்கள்.

போன வருஷம் விஜயதசமி காலையில், கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு புது வீட்டுக்குப் பூஜையறைக் கதவு மாட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். நல்ல நேரத்துக்குள் மாட்டியாக வேண்டும். அந்த வீட்டைக் கட்டினவர் நாலு இடத்தில் நல்லபடியாகச் சொன்னால் அந்தத் தெரு வேலை முழுக்க எங்களுக்கு வரும் என்று நம்பியிருந்தோம். அதனால் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே எல்லா உளியையும் தீட்டி எண்ணெய் தடவி வைத்துவிட்டேன்.

மறுநாள் பூஜையை நடத்த என் வீட்டுக்காரரின் அக்கா வந்திருந்தார், எனக்கு மதினி. உளி, இழைப்புளி, ரம்பம், டிரில், கட்டர் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. சந்தனம் வைக்கக் குனிந்தேன். காலையில் மெடிக்கல் கடையிலிருந்து நான் கறுப்புக் கவரோடு வந்ததை மதினி பார்த்திருக்கிறார்.

"வீட்டுக்குத் தூரமா?"

"ஆமா மதினி."

"அப்பறம் எதுக்கு இதுகளத் தொடுறவ? தீட்டு. தள்ளி நில்லு."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எலுமிச்சம்பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன எழுதியிருந்ததோ!

அந்தப் பூஜையறைக் கதவை இழைத்தது அதற்கு முந்தின மாசம். அப்போதும் எனக்குத் தூரம்தான். இழைப்புளித் தகட்டை அன்றைக்கும் நான்தான் தீட்டிக் கொடுத்தேன். சாமி வாயைத் திறக்கவில்லை.

மதினி சொம்பு நிறைய மஞ்சத்தண்ணி கொண்டுவந்தார். நான் தடவியிருந்த எண்ணெயைப் பழந்துணியால் அழுத்தித் துடைத்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு உளியையும் மஞ்சத்தண்ணியில் நனைத்து நனைத்து வைத்தார்.

"மதினி, தண்ணி பட்டா துரு ஏறிரும்."

"சாமி தண்ணி ஒண்ணும் செய்யாது."

ஈரத்தின் மேலேயே சந்தனம், குங்குமம். படைத்த ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். பொரியில் எறும்பு, பொங்கலில் ஈ, வாசலில் போட்டுடைத்த பூசணிக்காயைப் பைக்குகள் ஏறி ஏறிக் கூழாக்கியிருந்தன. பின்கட்டில், தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். அதுதான் எனக்கு ஒதுக்கிய இடம்.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர் பின்கட்டுக்கு வந்தார். கையில் துணியில் சுற்றிய உளிகள். பிரித்துக் காட்டினார். முனை பூராவும் துரு. சந்தனம் வைத்த இடத்தில் வட்டமாக இன்னும் கெட்டியாக.

"அக்கா குளிக்கப் போயிருக்கு," என்றார் மெதுவாக. "சட்டுன்னு தீட்டிக் குடுத்துரு. அதுக்குத் தெரிய வேணாம்."

சீ என்று ஆகிவிட்டது. மதினியாவது நம்பிச் சொன்னார். இந்த மனுஷர் நம்பவும் இல்லை, இல்லையென்று சொல்லவும் இல்லை. முந்தின நாள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்த அதே முகத்தோடு இப்போது என் கையைப் பார்த்தார். அந்த நிமிஷம் அவர் மூச்சுக்காற்று பட்டதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

உளிகளை வாங்கிக்கொண்டு, தீட்டுக்கல்லையும் எடுத்துக்கொண்டு, நடுவீட்டுக்குப் போய் நின்றேன். மதினி ஈரத்தலையோடு வந்தார்.

"மதினி, உங்க தம்பி உளியத் தீட்டித் தரச் சொல்றாரு. எனக்கு இன்னைக்கும் தீட்டுத்தான். தீட்டட்டுமா?"

மதினி உளியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல நேரம் போயிருமே... சரி, வேலைக்குன்னா பாதகமில்ல. தீட்டிக் குடுத்துட்டுப் போயி உக்காரு. மேல கொஞ்சம் மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கிறலாம்."

மறுபடியும் மஞ்சத்தண்ணி! கல்லையும் உளிகளையும் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்தேன்.

"சுத்தமான கை நாலு இருக்குல்ல இங்க. நீங்களே தீட்டிக்கங்க."

பின்கட்டுக்கு வந்து வெறுந்தரையில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் கல் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. எண்ணெய் விடவில்லை, சத்தத்திலேயே தெரிந்தது. வீட்டுக்காரர் மணிக்கட்டைத் தூக்கித் தூக்கித் தேய்க்கிறார் என்பதும் தெரிந்தது. அந்தச் சாய்வை வருஷக்கணக்காகக் கலையாமல் காப்பாற்றி வைத்திருந்தவள் நான். ஒவ்வொரு தேய்ப்புக்கும் எனக்குப் பல் கூசியது. எழுந்து ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இரண்டு கையையும் மடக்கித் தலைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, அவர் எல்லா உளியையும் கெடுத்து முடிக்கும்வரை படுத்தே கிடந்தேன்.