மிசாவோவின் மஞ்சள் கொடி

ஜப்பானின் ஹொக்கைதோவில் பனிக்காலம் முழுக்க அந்த ஒரு நாள் சுற்றுலா பஸ் ஓடும். காலையில் மிருகக்காட்சி சாலை, மதியம் குன்றுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், சாயங்காலம் வீடு. இருபத்திரண்டு பனிக்காலமாக அதில் வழிகாட்டி மிசாவோதான். ஆள் ஐந்தடிகூட இல்லை. குரல் மட்டும் கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும். தினமும் பார்க்கிற பென்குயினை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவள் போலக் கை தட்டுவாள். சத்தியமாக அது நடிப்பில்லை.

அன்றும் மிருகக்காட்சி சாலையில் பஸ் நின்றதும் டிரைவர் கிச்சிரோ இறங்கி வைப்பர்களைத் தூக்கி நிறுத்தினான். இரண்டு மணி நேரம் நிற்கிற வண்டி. அப்படியே விட்டால் வைப்பர் கண்ணாடியோடு உறைந்துவிடும். பத்து நிமிடத்தில் கிளம்புகிறவர்கள் அந்த வேலை வைத்துக்கொள்வதில்லை.

பென்குயின்கள் பனியில் ஊர்வலம் போயின. தொமிகோ என்கிற பயணி மட்டும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிசாவோ ஒரு டப்பா சூடான சோள சூப்பை அவள் கையில் திணித்தாள்.

“என்னம்மா, பென்குயின் மேல கோவமா?”

“என் தம்பிக்குத்தான் என்மேல கோவம். அப்பா சாவுக்கு நான் போகல. பதினோரு வருஷமாப் பேச்சில்ல. இப்ப மதியம் நாம போற ஊர் ஸ்டேஷனுக்கு வரேன்னிருக்கான். ‘வெள்ளைக் கார். மூணு மணி வரைக்கும் பாப்பேன், அப்புறம் போயிட்டே இருப்பேன்’னு சொல்லி வச்சுட்டான். இப்ப போன் அடிச்சா எடுக்கவும் மாட்டேங்கறான்.”

“ரெண்டரைக்கே கொண்டுபோய் இறக்கிடறேன்.”

வாக்குக் கொடுத்தது மிசாவோ; வானம் கொடுக்கவில்லை. பாதி வழியில் காற்று பனியை வாரி இறைத்தது. ரோடு எது, வயல் எது என்று தெரியவில்லை. ரோட்டோரத்தைக் காட்டக் கம்பங்களில் தொங்கும் அம்புக்குறிகளும் மறைந்துபோயின. கிச்சிரோ பிரேக் போட்டான். மணி இரண்டு பத்து.

“ஒண்ணும் தெரியலக்கா. இங்கயே நிப்போம்.”

மிசாவோ திரும்பிப் பார்த்தாள். தொமிகோ மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுக் கேட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

“நான் முன்னால நடக்கறேன். நீ கொடியப் பாத்து மெதுவா வா.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“இப்பதான் தெரியுமா?”

ஒரு கையால் ரோட்டோரக் கம்பங்களைத் தொட்டுத் தடவிக்கொண்டு, மறு கையில் பயணிகளைக் கூட்டிப்போகும் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்து நடந்தாள். பின்னால் பஸ் ஊர்ந்தது.

“டேய், பென்குயின் நடக்குது பாருடா!” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் சிரித்தவர்களே எழுந்து நின்று அந்தக் கொடியைத் தேடினார்கள். நாற்பது நிமிடம் நடந்து, பாதை தெரிந்த பிறகே அவள் ஏறினாள். இமையெல்லாம் பனிக்கட்டி. கேலி செய்தவன் எழுந்து தன் சீட்டைக் கொடுத்தான்.

ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. வாசலில் ஒரே ஒரு வெள்ளைக் கார், கூரையில் ஒரு சாண் பனியோடு நின்றது. தொமிகோ முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

“இன்னும் போகல... ஆனா சொன்னா சொன்னதுதான் அவன். மூஞ்சிலடிச்ச மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டுப் போகத்தான் நிக்கறான்.”

மிசாவோ கையுறையால் ஜன்னலைத் துடைத்து உற்றுப் பார்த்தாள். கடைசி சீட்டை எழுப்பும் அந்தக் குரல் கம்மிப்போய்க் காற்றாகத்தான் வந்தது.

“நல்லாப் பாரும்மா. மூணு மணிக்குக் கிளம்பறவன் வைப்பரத் தூக்கி விட்டிருப்பானா? இறங்கு.”