அம்மா படித்த டிராகன் கதை

மகள் நூலகத்திலிருந்து எடுத்துவந்த டிராகன் நாவலைப் புரட்டினேன். அந்தத் தாளின் புழுங்கிய மணம் என்னைத் தொண்ணூறுகளின் திருநெல்வேலிக்கு, நான் பெரியவளானதும் தனியே உட்காரவைக்கப்பட்ட பின்கட்டு அறைக்கு இழுத்துப்போனது.

நெல் மூட்டைகள் அடுக்கிய அந்த அறையில் ஜன்னல் கிடையாது. ஒரு மஞ்சள் பல்பு மட்டும். துணைக்கு ஒரு சிறுவர் நாவல் இருந்தது. குகைக்குள் சங்கிலியில் கிடக்கும் டிராகனை மீட்க ஒரு சிறுமி மலையேறுகிறாள். அவள் குகை வாசலை அடைந்த இடத்தில், அப்பாவின் அக்கா வந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“படிச்சது போதும்ட்டி. இனிமே பள்ளிக்கூடமும் கிடையாது.”

அத்தை சொன்னால் அப்பா மறுபேச்சு பேசமாட்டார். இனி எல்லா நாளும் இந்த அறையைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் உளுந்தங்களி கொண்டுவந்த அம்மா, வாசற்படியிலேயே உட்கார்ந்து பையச் சொன்னாள்: “அந்தப் பிள்ளை சங்கிலிய அறுத்துட்டா. டிராகன் அவளைத் தூக்கிக்கிட்டு மலையத் தாண்டிப் பறந்துட்டு.”

“நீ எப்பம்மா படிச்ச?”

“ராத்திரி அத்தை தூங்குனப்புறம் எடுத்துட்டு வந்து, அடுப்படியில வச்சு, எழுத்துக்கூட்டித்தான். என்னையும் இப்படித்தானட்டி நிப்பாட்டுனாங்க.”

எழுந்து கூடத்தில் இருந்த அத்தையிடம் போனாள். அவள் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது.

“மைனி, சடங்கு முடிஞ்சதும் பிள்ளை பள்ளிக்கூடம் போவா.”

போனேன்.

மகள் புத்தகத்தை என் கையிலிருந்து பறித்துக்கொண்டாள். “முடிவைச் சொல்லிடாதம்மா!”