ஆலங்கண்மாயில் விழுந்த விமானமும் நீர்பாய்ச்சி மலையாண்டியும்

திருவாதவூரிலிருந்து கிழக்கே செல்லும் வண்டிப்பாதையில் ஆலம்பட்டி என்றொரு சிற்றூர். அவ்வூரார் உண்ட சோறு முழுவதும் ஆலங்கண்மாய்த் தண்ணீரில் விளைந்தது. அந்தக் கண்மாய்க்கு மலையாண்டி நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், இன்னார் வயலுக்கு இன்ன முறை என்று நீரைப் பங்கிட்டு விடுவதும் நீர்பாய்ச்சியின் கடமை. முறை வந்தவன் உறங்கிக் கிடந்தாலும் அவன் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். முறை வராதவன் மண்வெட்டியோடு வரப்பில் நின்றாலும் ஒரு சொட்டுப் போகக் கூடாது. இதற்குக் கூலி, அறுவடையின்போது களத்தில் அளந்து போடும் நெல். விளையாத ஆண்டில் கூலி இல்லை, ஏச்சு உண்டு.

மலையாண்டிக்குக் குரல் பெரிது. திருவாதவூர்த் தேரோட்டத்தில் வடத்துக்கு முன்னால் நின்று, கையை உயர்த்தி, இழுப்பதற்குக் குரல் கொடுப்பவர் அவரே. மடைக் காவலைக் காட்டிலும் அந்த உரிமையைத்தான் அவர் பெரிதாக மதித்தார் என்று சொல்வார்கள்.

1944ஆம் ஆண்டு தை மாதம். முந்தைய ஆண்டுகளில் பொய்த்திருந்த மழை அவ்வாண்டு கண்மாயை நிரப்பியிருந்தது. நெற்பயிர் பொதி கட்டி நின்றது. அதாவது, கதிர் இன்னும் தாளுக்குள் இருந்தது. அது வெளிவந்து பால் பிடித்து முற்றும் வரை தண்ணீர் குறையக் கூடாத பருவம். அந்தப் பருவத்தில்தான் ஒரு நண்பகல், மதுரைக்குத் தெற்கே போர்க்காலத்தில் அமைந்திருந்த விமானத் தளத்திலிருந்து கிளம்பிய இராணுவப் பயிற்சி விமானம் ஒன்று, இயந்திரம் நின்றுபோய், ஆலங்கண்மாயில் இறங்கிற்று. இறங்கிய வேகத்தில் மூக்கு சேற்றில் புதைந்தது. கழுத்தளவுத் தண்ணீருக்கு மேலே வால் மட்டும் நிமிர்ந்து நின்றது. மலையாண்டி நீந்திச் சென்று, தோள் எலும்பு முறிந்த வெள்ளைக்கார இளைஞனை இழுத்து வந்து கரையில் கிடத்தினார். ஊரார் அவனை வைக்கோல் பரப்பிய வண்டியில் மேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார்கள். அதோடு தங்கள் வேலை முடிந்தது என்றே நினைத்தார்கள்.

மறுநாள் ஒரு லாரியில் இராணுவ அதிகாரி ஒருவரும் சில சிப்பாய்களும் வந்தனர். உடன் வந்தவர் ஹாலாஸ்யம். மதுரை வடக்கு மாசி வீதிக்காரர். விமானத் தளத்தில் இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் பிட்டராக வேலை பார்த்தவர். அன்றைக்கு மொழிபெயர்ப்பும் அவர் தலையில் விழுந்தது. லாரி கண்மாய்க் கரையை எட்டுவதற்கு முன்பே களிமண்ணில் அச்சு வரை இறங்கிவிட்டது. அதிகாரி கரைமேல் நடந்துபோய் விமானத்தைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார், கைத்தடியால் கரையில் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"கரையை இங்க வெட்டிட்டா தண்ணி வடிஞ்சுடும், தரையில வச்சே கழட்டிண்டு போயிடலாம்னு சொல்றார்" என்றார் ஹாலாஸ்யம்.

"கரையவா? சாமி, பயிரு பொதி கட்டி நிக்கிது. கரைய வெட்டுறதுக்கு எங் கழுத்த வெட்டச் சொல்லுங்க."

"அதை நான் இங்கிலீஷ்ல சொல்லமாட்டேன்ப்பா. மனுஷர் சரின்னுட்டார்னா?"

மலையாண்டியின் பின்னால் நின்ற மலைச்சாமி சிரித்தான். அவன் அவருடைய மைத்துனன்; தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் அவனுக்கு நிலம். "கழுத்துதானே மாமா? அத வெட்டுனா நம்ம தண்ணியாவது மிஞ்சும்ல?"

"சும்மா கெட மாப்ள" என்ற மலையாண்டி, அதிகாரியை நேராகப் பார்த்துச் சொன்னார். "நாங்க இழுத்துத் தாரோம். எம்புட்டு ஒசரத் தேர இழுக்குறவுக நாங்க. இந்தத் தும்பிய இழுக்க மாட்டமா?"

ஹாலாஸ்யம் இதை மொழிபெயர்த்தார். அதிகாரிக்கு இழப்பு ஒன்றும் இல்லை. சரி என்று தலையசைத்துவிட்டு, லாரியைக் கிளப்பும் வழியைப் பார்க்க ஹாலாஸ்யத்தையும் அழைத்துக்கொண்டு போனார்.

இனி நடந்தது முழுக்க மலையாண்டியின் பிழை. நின்ற தேரை மெல்ல மெல்ல இழுத்து நகர்த்த முடியாது. வடம் முறுக்கேறி நிற்க வேண்டும்; எல்லாரும் மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும்; குரல் கேட்ட கணத்தில் அத்தனை பேரும் ஒரே வீச்சில் வெட்டி இழுக்க வேண்டும். தேர் இழுத்துப் பழகியவர்களுக்கு வேறு இழுப்புத் தெரியாது. கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலையின் கயிறுகளைச் சேர்த்து முறுக்கி வடமாக்கினார்கள். தண்ணீருக்கு மேலே தெரிந்தது வால்; எனவே வாலில் கட்டினார்கள். ஊரே வடத்தைப் பிடித்தது. மலையாண்டி கையை உயர்த்திக் குரல் கொடுத்தார். பெண்கள் குலவையிட்டார்கள்.

வால் கையோடு வந்துவிட்டது. இழுத்த வேகத்தில் ஆண்கள் ஒருவர்மேல் ஒருவராக மல்லாந்தார்கள். பிய்ந்த வால் நீரின்மேல் பட்டம்போல் வழுக்கிக்கொண்டு வந்து கரையில் முட்டி நின்றது.

மலைச்சாமிதான் எழுந்து, முதுகுச் சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "மாமா, தேரு நெலைக்கு வந்திருச்சு."

வாலுப்புடுங்கி என்ற பட்டம் மலையாண்டிக்கு அன்று வந்தது. அடுத்த தேரோட்டத்தில் அவர் கையை உயர்த்தியபோது, கூட்டத்திலிருந்து யாரோ "மொதுவா அண்ணே, வாலு!" என்று கூவினார்களாம்.

அன்றைக்கோ அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரி வந்து வாலைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவுமில்லை. ஹாலாஸ்யத்திடம் இரண்டே வாக்கியம் பேசிவிட்டு, சிப்பாய்கள் மேட்டில் அடித்திருந்த கூடாரத்துக்குப் போய்விட்டார்.

"கரையை வெட்றதுன்னு தீர்மானம் ஆயிடுத்து" என்றார் ஹாலாஸ்யம். "சர்க்கார் கண்மாய், தாசில்தார் உத்தரவு வேணும்னு நான்தான் சொல்லி வச்சேன். மேலூருக்கு ஆள் போறான். யுத்த காலம், மாட்டேன்னு யாரும் சொல்லப்போறதில்லை. உத்தரவு வர்ற வரைக்கும்தான் அவகாசம்."

அன்று மாலை மலையாண்டி வீட்டு முற்றத்தில் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி செல்லத்தாய்க்கு இரக்கத்தைக் காட்டத் தெரியாது.

"நீங்க போட்ட சத்தத்துலயே அது பயந்து வாலப் போட்டுட்டு ஓடியிருக்கும்" என்றாள்.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

"பெறகென்ன? போன கோடையில நம்ம செவலை மாடு சேத்துல மாட்டுச்சே, அப்ப வாலப் புடிச்சா இழுத்தீக? வகுத்துக்கு அடியில கைய விட்டுச் சேத்தத் தோண்டலையா? உசுரு உள்ளதுக்கு ஒரு நாயம், இரும்புக்கு ஒரு நாயமா?"

மலையாண்டி சோற்றைத் தன் பக்கம் இழுத்தார். பிசையத் தொடங்கினார்.

விடிந்ததும் ஹாலாஸ்யத்தைத் தேடிப் போனார். அவர் வேப்பங்குச்சியோடு ஒரு மரத்தடியில் நின்றிருந்தார்.

"சாமி, இந்தப் பிளேனுக்கு எலும்பு எங்கன இருக்கு?"

ஹாலாஸ்யம் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, பல் துலக்கிய குச்சியாலேயே மணலில் வரைந்தார். "முன்னாடி இன்ஜின். அதைத் தாங்கற இரும்புச் சட்டம் இது. றெக்கையோட அடிப்பாகம் இந்தச் சட்டத்துல வந்து சேர்றது. எலும்புன்னா இவ்வளவுதான். பின்னாடி பூரா குச்சியும் துணியும்."

"அப்ப நான் புடிச்சு இழுத்தது சேலை முந்தானைய."

"ஆமாம்ப்பா. கிழியாம என்ன பண்ணும்?"

கயிறு கட்ட வேண்டிய இடத்தை ஹாலாஸ்யமே காட்டியாக வேண்டும். அவருக்கோ நீந்தத் தெரியாது. வாழைத்தண்டுகளை அடுக்கித் தெப்பம் கட்டி, அதன் நடுவில் அவரை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"தைத் தெப்பத்துக்கு மதுரைக்குப் போக முடியலையேன்னு இருந்துச்சு" என்றான் மலைச்சாமி, தண்ணீரில் நடந்தபடி. "சாமியே இங்க வந்திருச்சு."

"ஆட்டாம தள்ளுடா! நான் உற்சவமூர்த்தி இல்ல, விழுந்தா முழுகிடுவேன்."

ஆட்கள் மாறி மாறி மூழ்கி, இயந்திரத்தின் இரு புறமும் வயிற்றுக்கு அடியிலும் சேற்றைக் கைகளால் அள்ளினார்கள். பிடித்திருந்த சேறு தளர்ந்து, அடியில் தண்ணீர் புகுந்தது. பிளந்த பனைமரத் துண்டுகளை வழுக்கிச் செல்லும்படி இறக்கைகளுக்குக் கீழே செருகினார்கள். ஹாலாஸ்யம் கைவைத்துக் காட்டிய சட்டத்தில் வடத்தைச் சுற்றி முடிந்தார்கள்.

இழுப்பதற்கு இம்முறை மனிதர்களை மலையாண்டி நம்பவில்லை. மனிதர்கள் தேர் இழுத்தவர்கள். கயிற்றைத் தொட்டால் கை பழைய புத்திக்குப் போய்விடும். கமலை மாடுகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கிணற்றடிச் சரிவில் ஒரே நிதானத்தில் இறங்கி, நீர் நிரம்பிய சால் ஒன்றை மேலே இழுப்பதே அவற்றின் பிறவித் தொழில். கண்மாய்க் கரையின் வெளிச்சரிவும் அத்தகைய சரிவுதானே? கரையின் தலைப்பில் ஒரு பனந்தடியை உருளையாகக் கிடத்தி, வடத்தை அதன்மேல் ஓட்டி, வெளிச்சரிவில் கமலை மாடுகளைப் பூட்டினார்கள். மாடுகள் திரும்ப மேலே ஏறும்போது வடம் பின்வாங்காதபடி கரையிலிருந்த மருதமரத்தில் சுற்றிப் பிடிக்க ஆட்களை நிறுத்தினார்கள்.

"குலவை கூடாது. ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது" என்றார் மலையாண்டி.

"நீங்க?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

"நானுந்தான்."

மாடுகள் இறங்கின. வடம் விறைத்து நீர் சொட்டிற்று. முதல் இறக்கத்தில் ஒன்றும் அசையவில்லை. இரண்டாவதிலும் அசையவில்லை. மலையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அடுத்த இறக்கத்தில் விமானத்தைச் சுற்றிச் சேற்றுக் குமிழிகள் பொங்கின. இயந்திரத்தின் கரிய மூக்கு நீருக்கு மேலே எழுந்தது. அதன்பின் ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஒரு முழம், அரை முழம் என்று அது கரையை நோக்கி நகர்ந்தது.

பாதி வழியில் வந்துகொண்டிருந்தபோது மேலூரிலிருந்து சைக்கிளில் ஒருவன் உத்தரவைக் கொண்டுவந்தான். அதிகாரி உறையைப் பிரித்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் வடத்தைப் பார்க்கத் தொடங்கினார். மலையாண்டியின் கண் அந்தப் பையைவிட்டு அகலவில்லை. பொழுது சாயும் முன் விமானம் கரையின் உட்சரிவில் ஏறி உட்கார்ந்தது. சிப்பாய்களும் ஹாலாஸ்யமும் இறக்கைகளைக் கழற்றினார்கள். இயந்திரத்தை மாட்டுவண்டியில் ஏற்றி, மேட்டுப்பாதையில் நின்ற லாரிக்குக் கொண்டுபோனார்கள். புறப்படும்போது அதிகாரி மலையாண்டியிடம் கை நீட்டினார். கையெல்லாம் சேறு என்று மலையாண்டி கும்பிட்டார்.

அவர்கள் போன பின்னும் ஊரார் கலையவில்லை. உருளை அழுத்திய இடத்தில் கரையின் தலைப்பு பள்ளமாகியிருந்தது. அப்படியே விட்டால் தண்ணீர் தானாகவே கரையை வெட்டிவிடும். செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, இடிகட்டையால் திமிசு போட்டு இறுக்கி முடித்துவிட்டே வீடு திரும்பினார்கள். கண்மாய் நீரில் எண்ணெய்ப் படலம் சில நாள் மிதந்தது. அவ்வாண்டு பிடித்த கெண்டையில் கிரசின் நாற்றம் அடிக்கிறது என்று செல்லத்தாய் கடைசிவரை குறை கூறினாள்.

மாசியில் கதிர் வெளிவந்து பால் பிடித்தது. கடைசி நனைப்புக்கு மலையாண்டி கண்மாயில் மூழ்கி, அடியிலிருந்த மடையைத் திறந்தார். தலைமடை, இடைமடை என்று முறைப்படி பாய்ந்து, தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரும்போது மறுநாள் முற்பகல் ஆகிவிட்டது. மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கே போய்ச் சேர்ந்தது ஈரம் மட்டுமே. மலைச்சாமி வரப்பில் நின்றிருந்தான். வயல் நிரம்பி, தண்ணீர் வரப்பின் விளிம்பைத் தொட்டது. அவன் வாய்க்கால் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினான்.

"போதும் மாமா! அடைச்சிருங்க!"

கடைமடைக்காரன் ஒருவன் போதும் என்று சொல்லி மலையாண்டி அதுவரை கேட்டதில்லை. காது சரியாகக் கேட்டதா என்று ஐயுற்று, "என்ன சொன்ன மாப்ள?" என்று உரக்கக் கேட்டார். அவன் மறுபடியும் சொன்னான். மண்வெட்டியை எடுத்து, ஒரு வெட்டு மண்ணைப் புரட்டி, வாய்க்காலை அடைத்தார்.