எண்பது வினாடிப் பார்வை

எங்கள் உளவியல் துறையில் அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ‘தாடை சார்’. கண்ணசைவை அளக்கும் கருவியின் முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும், “தாடையை இதுல வைங்க, நெத்திய முட்டுக் குடுங்க, மூச்சு விடலாம், தப்பில்ல” என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு. பத்தடிக்கு எட்டடி, ஜன்னல் அடைத்த அறை. அதில் இருபத்தாறு ஆண்டுகள் அந்தக் கருவியை இயக்கினார். வந்து போனவர்களின் பதிவேட்டை எழுதியவன் நான்.

திரைக்குக் கீழே ஒரு கேமரா இருக்கும். திரையில் ஒன்பது இடங்களில் புள்ளி தோன்றும். வந்தவர் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் படத்தைக் காட்டினாலும், கண் எங்கே நின்றது, எத்தனை நேரம் நின்றது என்று கருவி சொல்லிவிடும். இரண்டு படங்களை அருகருகே காட்டினால் பாதி முறை இடம் வலம் மாற்றிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்தவர் பார்த்தது படத்தையா, அந்தப் பக்கத்தையா என்று தெரியாது. இதை மறந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தியிடம், “ரெண்டு மாச உழைப்பும்மா. தூக்கிக் குப்பைல போடு” என்றார் தாடை சார். அவள் அழுதாள். பிறகு ஒன்பது நாள் தன் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்து, முழுவதையும் அவளோடு திரும்பச் செய்தவரும் அவர்தான்.

அவர் மனைவிக்கு இந்தத் தொழிலைக் கிண்டல் செய்யாமல் பொழுது போகாது. “ஊர்ல யாரு எங்க பாக்குறாங்கன்னு இவருக்கு அத்துப்படி. வீட்ல உப்பு டப்பா எங்கன்னு கேளுங்க, முழிப்பாரு” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வயது அறுபத்தொன்று. வலக்கை, வலக்கால் விழுந்தன. பேச்சு முழுவதும் போயிற்று. ஏழு மாதம் தாடை சார்தான் தூக்கினார், துடைத்தார், ஊட்டினார். எட்டாவது மாதம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மகள் வந்தாள்.

“அப்பா, அம்மாவ நல்லா பாத்துக்குற இல்லம் ஒண்ணு இருக்கு. அங்க விட்டுடலாம்பா. நீங்க யாருன்னே அம்மாவுக்குத் தெரியல.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்னு சொல்றீங்க?”

“என்னையேதான் பாக்குறா.”

“சரி, காட்டுங்க. அதான் உங்க தொழிலாச்சே. அம்மாவுக்கு உங்கள அடையாளம் தெரியும்னு காட்டிட்டீங்கன்னா, இனிமே இல்லம்ங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லைன்னா நீங்க மறுபேச்சு பேசக் கூடாது.”

அவர் ஒப்புக்கொண்டார். பேராசிரியர் அனுமதி தந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, சக்கர நாற்காலியில் அந்த அம்மா வந்தார். பங்கேற்பாளர் எண் 4318 என்று எழுதினேன்.

“தாடையை இதுல வை” என்றவர் மேலே பேசாமல், தன் இரு கைகளாலும் மனைவியின் முகத்தை ஏந்தி அதில் வைத்தார். ஒன்பது புள்ளி அந்த அம்மாவுக்குச் சிரமம் என்று நடுப்புள்ளி ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். பிறகு இருபது ஜோடிப் படங்கள், ஒவ்வொன்றும் நான்கு வினாடி. ஒன்று அவர் முகம். மற்றொன்று அவர் வயதில் யாரோ ஒருவர் முகம். எண்பது வினாடியில் அறுபத்தொரு வினாடி, கண் அவர் முகத்தில் நின்றிருந்தது. அந்நியர்மேல் ஒரு வினாடிகூட இல்லை.

மகள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். “மன்னிச்சிடுங்கப்பா. அம்மா வீட்லயே இருக்கட்டும்.”

அவர் சிரித்தார். அத்தனை மாதங்களில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் பதிவேட்டில் குனிந்திருந்தேன். அதில் ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொருவருக்கும் கேட்டுத்தான் நிரப்புவேன். கை பழக்கம், வாய் பழக்கம். கேட்டுவிட்டேன்.

“இடம் வலம் மாத்தினீங்களா?”

அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் மீதி இருந்தது. திரைப்பக்கம் திரும்பிப் பட்டியலைத் திறந்தார். முந்தைய நாள் தானே தட்டச்சு செய்த பட்டியல். இருபதிலும் அவர் முகம் இடப்பக்கம்.

“மாத்தல” என்றார்.

“விடுங்க சார், அதனால என்ன?” என்றேன். என் வாழ்நாளில் ஒரு கட்டத்தைக் காலியாக விடச் சம்மதித்தது அப்போதுதான்.

“அது எப்படி விட முடியும்?” என்றார்.

மறு ஞாயிறு மீண்டும் வந்தார்கள். பத்து ஜோடி பழையபடி. பத்து ஜோடி மாற்றி. அவர் முகம் இடப்பக்கம் இருந்தபோது அந்த அம்மா முப்பது வினாடி அவரைப் பார்த்தார். மாற்றிவைத்த பத்தில் இருபத்தொன்பது வினாடி அந்நியரைப் பார்த்தார். அவரை ஒரு வினாடியும் இல்லை. வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அந்த அம்மாவின் கண்ணுக்கு இல்லாமல் போயிருந்தது. வீட்டில் கட்டிலின் வலப்புறம் சுவர். யார் வந்தாலும் இடப்புறம்தான் நின்றார்கள். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

வெளியே காத்திருந்த மகளிடம் நாங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவரே போய்ச் சொன்னார்.

“அப்போ அம்மாவுக்கு உங்களத் தெரியலையாப்பா?”

“தெரியலைன்னும் இதை வச்சுச் சொல்ல முடியாதும்மா. தெரியும்னும் சொல்ல முடியாது.”

“அப்போ வீட்லயே...”

“காட்டறேன்னு சொன்னேன். காட்ட முடியல. கார் சொல்லிடு.”

இல்லத்தில் சேர்த்த பதினோராம் நாள் பார்க்கப் போனேன். ஆறு கட்டில்கள் போட்ட அறை. அவர் நாற்காலியைக் கட்டிலின் இடப்புறம் ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை அங்கேதான் என்று அங்கிருந்த செவிலி சொன்னாள்.

“கொஞ்சம் உக்காருங்க, வெந்நீர் பிடிச்சிட்டு வந்துடறேன்” என்று குடுவையோடு போனார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அம்மாவின் கண்கள் என்மேல் வந்து நின்றன. அசையாமல், கனிவாகக்கூட. அவரை எப்படிப் பார்த்தாரோ அப்படியே. எத்தனை வினாடி என்று அளக்க என் கை கடிகாரத்துக்குப் போயிற்று, இழுத்துக்கொண்டேன்.

குடுவையோடு வாசலில் நின்ற அவர் அதைப் பார்த்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்து நாற்காலியை விட்டேன். அவர் உட்கார்ந்தார். கண்கள் அவர்மேல் நின்றன.

“நீங்க வந்தது அவளுக்கு சந்தோஷம்” என்றார்.

“ஆமா சார்” என்றேன்.