மாவுக்கட்டின் மேல் ஒரு வகுத்தல் கணக்கு

பத்தாம் கட்டில் பிள்ளையின் வெள்ளை மாவுக்கட்டில் பென்சிலால் கிறுக்கியிருந்ததைக் கண்டபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. குனிந்து பார்த்தேன். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வகுத்தல் கணக்குகள். எல்லாம் பிழை.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, பதுளையில் சிறுவர் வார்டில் தாதியாக வேலை செய்த காலம் அது. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு வந்தவள் அவள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்ததால் டாக்டர் வீட்டுக்கு விடவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. மல்லாந்து படுத்திருந்தவளுக்குக் கொப்பி வழுக்கிக்கொண்டே போனது. மாவுக்கட்டு வழுக்கவில்லை.

கூட நின்ற அவளுடைய அம்மா பயந்துபோய், "ஏசாதீங்க மிஸ்ஸி. கூட்டலு நல்லா போடுவா. பெரிய நம்பர வகுக்கச் சொன்னாத்தான் அழுவுறா. நான் மூணாப்போட நின்னவ, எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல" என்றார்.

அன்று மாலை, வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். 4824ஐ எட்டால் வகுக்கச் சொன்னேன். விடை 63 என்றாள். "சரி, அறுபத்து மூண்டை எட்டுத்தரம் கூட்டிப் பாரும்" என்றேன். கூட்டினாள். 504 வந்தது. நாலாயிரம் எங்கே போனது என்று முகம் வாடிவிட்டது. விடையின் நடுவில் வரவேண்டிய பூச்சியத்தை விட்டுவிட்டாள். அதை நான் எத்தனையோ விதமாக விளக்கியும் தலையாட்டினாளே தவிர, அடுத்த கணக்கிலும் அதே பிழை. எனக்கே அலுத்துவிட்டது. இவளுக்கு இது வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் அன்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வார்டைப் பொறுப்பேற்கும்போது, இரவு வேலை முடித்த தாதியும் நானும் வழக்கம்போல் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். பதினொன்றில் இருந்த பையன் முதல்நாள்தான் வீட்டுக்குப் போயிருந்தான். "பதினொண்டு காலி, பன்னிரண்டு காய்ச்சல்" என்று நான் சொன்னதும் பத்தாம் கட்டிலிலிருந்து ஒரு கூச்சல்.

"மிஸ்ஸி! பதினொண்ணுல ஆளே இல்ல. ஆனா அடுத்த கட்டில நீங்க பதினொண்ணுன்னு சொல்லலையே!"

"அதெப்பிடிச் சொல்லுறது? கட்டில் இருக்குத்தானே."

"அதான் மிஸ்ஸி! ரெண்டுல எட்டு போகாது. அந்தக் கட்டில் காலி. காலியா இருந்தாலும் எடம் இருக்கு!"

என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்காத குறையாக வாங்கி 603 என்று எழுதினாள். எட்டுத்தரம் கூட்டினாள். 4824 வந்தது. அவளுடைய அம்மா என்ன நடந்தது என்று புரியாமலேயே கைதட்டினார். எதிர்க்கட்டில் சிங்களத் தாயொருவர் எழுந்து வந்து, மாவுக்கட்டில் இருந்த இலக்கங்களை விரலால் தொட்டுத் தொட்டுத் தானும் கூட்டிப் பார்த்து, "ஹரி, ஹரி" என்றார். சிங்களத்தில் 'சரி, சரி'.

சுற்றி வந்த டாக்டர் அந்தக் காலைப் பார்த்ததும் ஏச்சு விழப்போகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவரோ சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மிச்சமிருந்த இடத்தில் 9027ஐ ஒன்பதால் வகுக்கும்படி எழுதினார். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதி நிமிர்ந்தாள்.

"ஆயிரத்து மூணுங்க டாக்டரய்யா. இதுல ரெண்டு கட்டில் காலி."

அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும். கட்டில் எங்கே வந்தது என்றுதான் விளங்கவில்லை. சிங்களத்தில் நான் சொன்னதும் வார்டே அதிரச் சிரித்தார்.

பரீட்சையை ஊன்றுகோலோடு போய் எழுதினாள். பெறுபேறு வந்த அன்று அவளுடைய அம்மா தொலைபேசியில், "பாஸு மிஸ்ஸி, பாஸு" என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடியாமல் அழுதார். நானும்தான்.

போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில் யாரோ "மிஸ்ஸி!" என்று கத்தினார்கள். வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு, என் தோளளவு வளர்ந்து நின்றாள். இப்போது டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாளாம். கணக்கு எப்படி என்று கேட்டேன்.

"இப்ப எழுத்த வச்சுக் கணக்குப் போடச் சொல்றாங்க மிஸ்ஸி. நம்பரெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல!"

சொல்லும்போதே பசறை பஸ் நகர்ந்துவிட்டது. பையைத் தோளில் எறிந்துகொண்டு, சிரித்தபடியே ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.